கரிசலில் பைத்தானுக்கு ஒரு மேடு

மதியம் இரண்டு மணி. அறைச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 36 டிகிரி காட்டியது. மேலே தார்சு, பக்கத்தில் ஒரு மின்விசிறி. மேசை மேல் மூன்று பிளாஸ்டிக் பெட்டிகள், மூடியெல்லாம் சுட்டுப் போட்ட துளைகள். பெட்டிக்கு ஒன்றாக மூன்று பால் பைத்தான்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு இனம் இது. வளர்ந்தால் மூன்றடியிலிருந்து ஐந்தடி. மிரண்டால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டு கிடக்கும். விஷம் கிடையாது.

அண்ணாச்சி ஒரு பெட்டியைத் திறந்து, அந்தப் பாம்பு உரித்த சட்டையைக் கையில் கொடுத்தார். முழுச் சட்டை இல்லை. உள்ளங்கை அகலத்தில் கிழிந்த துண்டுகள். வால் நுனியில் பழைய தோல் ஒரு சுற்று கழலாமல் மோதிரம்போல இறுகிக் கிடந்தது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் சட்டையோடு சேர்ந்து கழன்று வரவேண்டும். இதற்கு வலது கண்ணில் வரவில்லை, வெள்ளை படர்ந்தாற்போலத் தெரிந்தது. வாலில் இறுகிய தோல் அப்படியே நின்றால் ரத்த ஓட்டம் நின்று நுனி கருகிவிடும்.

"வெயிலு ஒத்துக்கலையா தம்பி?" என்றார். வெயிலைவிட வறட்சிதான் காரணம். காற்றில் ஈரமே இல்லை.

பாம்புகள் அவருடைய மகனுடையவை. சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கியவன், இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். பாம்புகள் இங்கே வெம்பக்கோட்டைக்கு, அண்ணாச்சி வீட்டுக்கு, வந்துவிட்டன. பெட்டியில் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், வைப்பாற்றங்கரைப் பக்கம் உள்ள தோட்டத்தில் வெட்டவெளியில் விசாலமாக ஒரு கூடு கட்டிவிடுவது என்று அண்ணாச்சி முடிவெடுத்துவிட்டார். முப்பதடி நீளம், இருபதடி அகலம். கொத்தனாரிடமும் பேசியாயிற்று. இடத்தைப் பார்த்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

நாலடிப் பாம்பு மூன்றுக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று வீட்டிலேயே கேட்கிறார்களாம். பாம்பு எந்நேரமும் சுருண்டுதானே கிடக்கிறது என்பது அவர்கள் வாதம். பெட்டியில் வேறெப்படிக் கிடக்க முடியும்? 2019இல் கிளிஃபோர்ட் வார்விக் குழுவினர் வளர்ப்பிடங்களில் இருந்த 65 பாம்புகளைக் கவனித்து எழுதியதில், 24 பாம்புகள் உடம்பை நேராகவோ ஏறத்தாழ நேராகவோ நீட்டியிருந்தன. நீட்டிக்கொள்ள இடம் கிடைத்தால் பாம்பு நீட்டிக்கொள்ளும். வெளிநாடுகளில் இந்த இனத்தை இழுப்பறை போன்ற தட்டுகளில் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்து வளர்க்கிற வழக்கம் எனக்கு எப்போதும் உறுத்தல். அந்த வகையில் அண்ணாச்சியின் முப்பதடி எனக்குப் பெரிய சந்தோஷம்.

தோட்டத்துக்குப் போகுமுன் பாம்புகளின் பதிவுக் காகிதத்தைக் கேட்டேன். மகன் ஒழுங்காகவே செய்திருக்கிறான். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சைட்டிஸ் உடன்படிக்கையில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களைத் தனி அட்டவணையில் கொண்டுவந்தது. அவற்றை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. குஞ்சு பொரித்தாலும் செத்தாலும் கைமாறினாலும் சொல்லவேண்டும். பாங்காக் விமானத்தில் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரும் பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை அடிக்கடி பிடிக்கிறது; அந்தச் சரக்கு கைமாறிக் கைமாறி யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஆகவே காகிதம் இல்லாத பாம்புக்குக் கூடு கட்டிக் கொடுக்க நான் போகமாட்டேன். சென்னையிலிருந்து இடம் மாறியதையும் வனத்துறைக்கு எழுதிக் கொடுத்துவிடும்படி அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. "இவ்வளவு இடம் கெடக்கே, நம்ம ஊரு மலைப்பாம்பு ஒண்ணையும் சேத்து விட்டா என்ன?"

கூடவே கூடாது. நம் மலைப்பாம்பு அதே சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால், வைத்திருந்தால், மூன்றிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், அதற்கு வீடு இருக்கிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் இங்கிருந்து பார்த்தால் மேற்கே நீலமாகத் தெரிகிற மலையில்தான். அடிவாரத்து மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் அவ்வப்போது மலைப்பாம்பு இறங்கும், ஆள் கூடும், தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொன்னால் வந்து பிடித்துக் காட்டில் விடுவார்கள். அத்தோடு அந்தக் கதை முடிந்துவிட வேண்டும். பத்தடிக்கு மேல் வளர்ந்து ஆட்டுக்குட்டியை விழுங்குகிற உயிருக்கு வேலி போட்டுச் சொந்தம் கொண்டாட எந்த நியாயமும் இல்லை. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, அது மலைக்குள்ளயே இருக்கட்டும்" என்றார்.

தோட்டத்துக்கு நடந்தோம். ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக அடித்துக்கொண்டிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வரும்போது அதில் ஈரம் மிச்சமிருப்பதில்லை. இந்த வறட்சிதான் இந்த வட்டாரத்துக்குச் சோறு போடுகிறது. 1920களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதை வேரூன்றச் செய்ததற்கு, குச்சியும் மருந்தும் சீக்கிரம் காய்கிற இந்த வானிலையும் துணை நின்றது. அச்சுத்தொழிலும் பட்டாசும் அதைத் தொடர்ந்து வந்தவை. வெடிமருந்தைக் காயவைக்கிற அதே காற்றுதான் அந்தப் பாம்பின் சட்டையைக் கண்ணிலும் வாலிலும் ஒட்டவைத்திருக்கிறது. பால் பைத்தான் வளர்ப்பது பற்றிக் குளிர்நாட்டார் எழுதுகிற புத்தகங்கள் எல்லாம் சூடு எப்படிக் கொடுப்பது என்றே பேசும்: விளக்கு, சூட்டுப் பாய், கண்ணாடித் தொட்டி. இங்கே மார்கழி ராத்திரியில்கூடப் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. கத்திரியில் 40ஐத் தொடும். இந்த இனத்துக்கு 26இலிருந்து 32 வரை உகந்தது. 35ஐத் தாண்டி நீடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இங்கே கட்டவேண்டியது குளிர்ச்சியும் ஈரமும் தேங்கி நிற்கிற இடம்.

கொத்தனார் ஏற்கெனவே வந்து காத்திருந்தார். அவர் மனதில் இருந்தது ஒரு பள்ளம். மூன்றடி ஆழம் தோண்டி, சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே நின்று எட்டிப் பார்ப்பது. கிண்டி பாம்புப் பண்ணையை அண்ணாச்சி பார்த்திருக்கிறார். அதைச் சொல்லித்தான் அப்படி யோசித்திருக்கிறார்கள். ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கி, 1972இல் கிண்டிக்கு வந்த பண்ணை அது. இந்தியாவில் பாம்பை அடிக்காமல் பார்க்கக் கற்றுக்கொடுத்த முதல் இடம் என்று அதைச் சொல்லலாம். கண்ணாடி முகப்பு அறைகள் ஒருபுறம், மரமும் மண்ணுமாகத் திறந்தவெளிப் பள்ளங்கள் ஒருபுறம். சுவரோரம் நின்று கீழே பார்க்கிற பிள்ளைகளுக்கும் பாம்புக்கும் நடுவே கண்ணாடியே இல்லாத அந்தப் பள்ளங்கள் எனக்கும் பிடித்தவை. ஆனால் அங்கே நிற்பது பூங்கா மரங்களின் நிழலில், கடற்கரை நகரத்துக் காற்றில். இங்கே நிற்பது கரிசலில்.

கரிசல் என்றால் என்ன என்று கொத்தனாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காலடியிலேயே கிடந்தது. கோடையில் வெடித்த பாளங்களுக்கு நடுவே விரல் நுழையும் விரிசல்கள். ஒரு இடத்தில் நீளமான சோளத்தட்டையை விட்டுப் பார்த்தேன், முழங்கை ஆழத்துக்கு மேல் போயிற்று. நாலடிப் பாம்பு வெளியேற இதுவே தாராளம். ஐப்பசியில் மழை விழுந்ததும் இதே மண் உப்பி விரிசலை மூடிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் கீழே இறங்காது. சுருங்கி, உப்பி, சுருங்கி, மேலே நிற்கிற சுவரைக் கீறிவிடும். "கரிசல்ல வானம் தோண்டி அப்படியே கருங்கல்லு வச்சா ரெண்டு மழைக்கு மேல சுவரு தாங்காது," என்று கொத்தனாரே சொன்னார். அப்படியிருக்க, வேண்டுமென்றே ஒரு பள்ளம் தோண்டினால் ஐப்பசி, கார்த்திகையில் அது குளம்.

மேடு போடுங்கள் என்றேன்.

இந்த யோசனைக்கு நான் ஊர் தாண்டிப் போகவேண்டியிருக்கவில்லை. பக்கத்து விஜயகரிசல்குளத்தில் 2022இலிருந்து தொல்லியல் துறை அகழாய்வு செய்து சங்கு வளையலும் சுடுமண் பொம்மையும் கண்ணாடி மணியும் தங்க அணியும் எடுத்த இடத்துக்குப் பெயரே மேட்டுக்காடு. ஆற்றங்கரைக் கரிசலில் குடியிருக்க வந்தவர்கள் மேட்டைப் பார்த்துத்தான் குடியிருந்திருக்கிறார்கள். பால் பைத்தானும் தன் ஊரில் அப்படித்தான். கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளியும் வெயிலும் நம் ஊருக்கு ஒன்றும் குறைந்ததில்லை. அங்கே அது பகலெல்லாம் கறையான் புற்றுக்குள்ளும் எலி வளைக்குள்ளும் அடங்கிக் கிடந்து, இரவில் வெளியே வருகிறது. புற்றுக்குள் வெப்பமும் ஈரமும் அதிகம் ஏறி இறங்குவதில்லை. நம் மலைப்பாம்பும் இதே புத்தியுள்ளதுதான். ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் மலைப்பாம்புகள் முள்ளம்பன்றி தோண்டிய வளைகளில் தங்குவதைப் பற்றி, பின்னாளில் கோவை சாலிம் அலி மையத்தில் இருந்த எஸ். பூபதி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வளைதான் பைத்தானின் வீடு. கூடு என்பது அந்த வளையைச் சுற்றிய முற்றம்.

எனவே முதலில் வளையைத் தீர்மானித்தோம். கரிசலை மூன்றடி வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சரளையும் எம்-சாண்டும் இறுக்கி நிரப்பவேண்டும். அதன் மேல் துரு ஏறாத கால் அங்குல வெல்டு மெஷ்ஷைத் தரை முழுக்க விரித்து, சுவரின் அடியில் பெல்ட் கான்கிரீட்டில் அதன் ஓரத்தைப் பதித்துவிட வேண்டும். விரிசல் வழியாக உள்ளிருப்பது வெளியே போகாது, பெருச்சாளியும் கீரியும் உள்ளே வராது. மெஷ்ஷுக்கு மேலேதான் மேடு. சுற்றியுள்ள நிலத்தைவிட மூன்றடி உயரத்துக்குச் செம்மண் கொட்டி, ஒவ்வொரு மேட்டுக்குள்ளும் சிமெண்ட் உறை ஒன்றைப் படுக்கை வாட்டில் புதைப்பது. கிணற்றுக்கு இறக்குகிற அதே உறைதான். உறைக்கு மேலும் மண் மூடியிருக்கவேண்டும். வாசலுக்குக் கழுத்து உடைந்த மண்பானை. பாம்புக்கு உடம்பு நாலு பக்கமும் உரசுகிற இறுக்கம் பிடிக்கும் என்பதால் பானை வாய் சின்னதாக இருப்பது நல்லது. உறையின் பின்பக்கம் ஒரு பலகைக் கதவு வைத்தால், மேட்டைக் கலைக்காமல் பாம்பை எடுத்துப் பார்க்கலாம். உறைக்குள் ஒரு மூலையில் ஈரத் தேங்காய் நார் போட்டு வைத்தால் சட்டை உரிக்கும் நாளில் அது தானே தேடிப் போகும்.

அண்ணாச்சி தோட்டத்தில் உடைந்த பானைகள் நிறையக் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கொத்தனார் தன் முழங்கையை நுழைத்து அளவு பார்த்தார். அந்த நிமிஷத்திலிருந்து இந்த வேலை அவருக்கும் பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். அதுவரை சுவரைப் பற்றி மட்டும் பேசியவர், பிறகு பாம்பு எப்படி நுழையும் என்று கேட்க ஆரம்பித்தார்.

சுவர் விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். ஐந்தடி வரை செங்கல், உள்பக்கம் வழவழவென்று பூச்சு. சொரசொரப்பான பூச்சும் கோழி வலையும் ஆகாது; வெளியே போக வழி தேடும் பைத்தான் மூக்கை வலையில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். ஐந்தடிக்கு மேலேதான் மெஷ், அதுவும் கூரை வரை மூடியாக. ஆள் நுழைய இரண்டு கதவு: வெளிக்கதவைச் சாத்திப் பூட்டிய பிறகே உள்கதவைத் திறக்கிற மாதிரி நடுவில் ஒரு சின்னத் திண்ணை அறை. அண்ணாச்சிக்கு இது அதிகச் செலவாகப் பட்டது. "இத்தனூண்டு பாம்பு, யாரை என்ன பண்ணப் போகுது?"

அவருக்கு ஃப்ளோரிடா கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் வளர்க்க வாங்கிய பர்மா மலைப்பாம்புகள் தப்பியும், அலுத்துப்போனவர்கள் விட்டும், எவர்கிளேட்ஸ் சதுப்பில் பெருகின. 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அங்கே சாலையோரம் ரக்கூன்களைக் காண்பது 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்றது. எத்தனையோ வழி பார்த்துவிட்டு, 2017இல் அவர்கள் அழைத்தது நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும். தடம் பார்த்து, மண் பார்த்து, அவர்கள் முதல் சில நாட்களிலேயே பத்துக்கு மேல் பிடித்தார்கள். பழைய ஏவுகணைத் தளம் ஒன்றில் கிடைத்த பெண் பாம்பு பதினாறு அடி. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த மண்ணின் அறிவுக்குக் கிடைத்த மரியாதை அது, எனக்கு இன்றும் நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அந்த அறிவுக்கு வேலை வைத்தது ஒழுங்காகப் பூட்டாத கதவுகள். பால் பைத்தான் சின்னதுதான். அதன் ஊரைப் போலவே வெயிலும் புற்றும் வயல் எலியும் உள்ள இந்தக் கரிசலில் அது பிழைக்காது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. போதாததற்கு, வெளியே வந்தால் கண்ணாடி விரியன் என்று நினைத்து முதல் ஆள் கம்பை எடுப்பான். இரண்டாவது கதவுக்கு அண்ணாச்சி சம்மதித்தார்.

சத்தம் பற்றி அவரே கேட்டார். இந்த வட்டாரத்தில் அது இயல்பான கவலை. பட்டாசு ஆலைகளில் சரக்கை வெடித்துச் சோதிப்பது உண்டு. மனிதனே திடுக்கிடுகிற விபத்துகளும் இங்கே நடக்கின்றன. பாம்புக்கு வெளிக்காது இல்லை, ஆனால் உட்காது உண்டு. 2012இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இதே பால் பைத்தானை வைத்துச் செய்த சோதனையில், காற்றில் வரும் ஒலியின் அழுத்தத்தை அது நேரடியாக உணர்வது குறைவு என்றும், மண்டையோடு அதிர்வதைத்தான் நன்றாக உணர்கிறது என்றும் கண்டார்கள். வினாடிக்கு 80இலிருந்து 160 அதிர்வுகள் வரை அதற்குக் கூர்மை அதிகம்.

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தோட்டத்து மோட்டார் ஓடத் தொடங்கியது. கூடு கட்ட நினைத்திருந்த இடத்துக்கு இருபதடியில் மோட்டார் ரூம். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நிரப்பித் தரையில் கிடந்த கல் மேல் வைத்தேன். தண்ணீரின் மேல் மெல்லிய வளையங்கள் நிற்காமல் நடுங்கின. அறுபதடி தள்ளி, வேப்பமரத்துப் பக்கம் வைத்தால் நடுக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. மோட்டாரின் ரீங்காரம் அதன் இரட்டிப்பு, 100. பைத்தானின் காது கூர்மையாக இருக்கிற எல்லைக்குள்ளேயே அது விழுகிறது. எப்போதோ வெடிக்கிற பட்டாசைவிட, மும்முனை மின்சாரம் வரும் நேரமெல்லாம் காலடியில் ஓடுகிற இந்த ரீங்காரம்தான் பாம்பைக் குலைக்கும் என்பது என் கணிப்பு. இரை எடுக்காமல் மாதக்கணக்கில் கிடப்பது இந்த இனத்தின் சுபாவம். அதற்கு நாமும் ஒரு காரணம் கொடுக்கவேண்டாம். கூட்டை வேப்பமரத்துப் பக்கம் மாற்றினோம். சரளையும் மணலும் நிரப்பிய அடித்தளம் வெடிச்சத்தத்தின் அதிர்வையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

புது இடம் இன்னொரு வகையிலும் நல்லது. ஒரு வேம்பு, இரண்டு புங்கை. மூன்றும் மேற்கு வெயிலை மறைக்கும். மேற்குச் சுவரைச் சன்னல் இல்லாமல் கூரை வரை எழுப்பிவிட்டால் ஆடிக் காற்று உள்ளே புகாது. சித்திரை, வைகாசியில் தெற்குப் பக்க மெஷ்ஷில் வெட்டிவேர்த் தட்டி கட்டி மதியம் தண்ணீர் தெளிக்கலாம். கூரைக்கு அண்ணாச்சி பனையோலை என்றார். ஓலையைப் போலக் குளிர்ச்சி வேறில்லை என்பது உண்மைதான். ஆனால் தீபாவளிக்கும் கொடைக்கும் ராக்கெட் பறக்கிற ஊரில் ஓலைக்குக் கீழே பூட்டிய கூட்டில் உயிர்களை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பச்சை நிழல் வலையும் பிளாஸ்டிக்தான், பொறி பட்டால் உருகி ஒழுகும். தகரம் வேண்டவே வேண்டாம். மேடுகளுக்கு மேல் நாட்டு ஓடு, கிழக்குப் பாதியில் வெறும் மெஷ். காலை வெயில் இரண்டு மணி நேரம் உள்ளே விழும், மழையும் விழும். முதல் மழையில் நனைந்த மண்ணில் பாம்பு நடமாடுவதைப் பார்க்கத்தானே வெட்டவெளியில் கட்டுகிறோம்.

தண்ணீருக்குத் தோட்டத்திலேயே பழைய கல்தொட்டிகள் இருந்தன. பாம்பு முழு உடம்பையும் அமிழ்த்திக்கொள்ளும் அளவு வேண்டும், பாதி ஆழத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். கொசு முட்டை வைக்குமுன் மாற்றிவிட வேண்டும். சுவரைச் சுற்றி நாலு அங்குல வாய்க்கால் கட்டித் தண்ணீர் நிறுத்தினால் எறும்பு ஏறாது. சட்டை உரிக்கப்போகும் பாம்பை எறும்பு மொய்த்தால் அது தாங்காது. மயிலும் செம்போத்தும் இங்கே ஏராளம், மேல் மெஷ் அவற்றுக்காகவும்தான். பக்கத்துக் காட்டில் மக்காச்சோளத்துக்கு மருந்து அடிக்கும் நாளில் அந்தப் பக்கம் படுதாவை இறக்கிவிடச் சொன்னேன். இரை உயிரோடு போடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும்.

கடைசியாக ஒரு விஷயத்தில் மட்டும் நானும் அண்ணாச்சியும் நெடுநேரம் பேசவேண்டியிருந்தது. மூன்றையும் ஒன்றாக விட வேண்டும் என்பது அவர் ஆசை. ஒன்றுக்கொன்று துணையாக இருக்குமாம். பால் பைத்தான் தனிக்கட்டை. ஒரே மறைவிடத்தில் மூன்றும் குவிந்து கிடந்தால் அது பாசம் அல்ல, நல்ல இடத்துக்கு நடக்கிற போட்டி. மெலிந்தது வெளியே தள்ளப்பட்டு இரை எடுக்காமல் கிடக்கும். முப்பதடியை மூன்று பத்தடியாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மேடு, ஒரு வளை, ஒரு தொட்டி என்று பிரித்தோம். பத்துக்கு இருபது, நாலடிப் பாம்புக்குத் தாராளம்.

அதற்கும் சரி என்றவர், ஆண் இருக்கும் அறைக்கும் நடுவில் உள்ள பெண்ணின் அறைக்கும் இடையே ஒரு சின்னக் கதவு வைக்கலாமே என்றார். வருஷத்துக்கு ஒருதரம் திறந்துவிடலாம், குட்டிகள் வந்தால் மகன் சந்தோஷப்படுவான் என்று. இவை முட்டையிடும் இனம். ஈட்டுக்கு ஐந்தாறு முட்டை. தாய் அவற்றைச் சுற்றிச் சுருண்டு இரண்டு மாதம் போல இரை எடுக்காமல் காக்கும். பார்க்கக் கிடைத்தால் பெரிய காட்சிதான். ஆனால் ஒவ்வொரு குஞ்சும் இருபது, முப்பது வருஷம் வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 1961இல் வந்து சேர்ந்த பால் பைத்தான் ஒன்று, 2020இல் அறுபது வயதைத் தாண்டிய பிறகு, பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆணையே காணாமல் ஏழு முட்டை இட்டது. உங்கள் காலத்துக்குப் பிறகும் இந்த மூன்றுக்கு ஆள் வேண்டும் அண்ணாச்சி, இன்னும் ஆறை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்று கேட்டேன். விற்கலாம் என்று பேச்சுக்குக்கூட அவர் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது.

"மகன்கிட்ட கேட்டுச் சொல்லட்டா?" என்றார்.

கேளுங்கள், ஆனால் சுவர் எழும்புகிற வேலை அதற்காக நிற்கவேண்டாம் என்றேன். கொத்தனார் வரைந்து வைத்திருந்த தாளை வாங்கி, நடுச்சுவரில் கதவு என்று போட்டிருந்த இடத்தை அண்ணாச்சியே அடித்துவிட்டார். பிறகு அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு உறை வருமா என்று கொத்தனாரிடம் கணக்குக் கேட்க ஆரம்பித்தார். வரும் என்றார் அவர். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு ஏறிவிட வேண்டும் என்பதால், சரள் லாரிக்கு அங்கேயே நின்று போன் போட்டார்கள்.